அவாதிஃபின் குலவை

எகிப்தில், தன்தா ஊர் ஆஸ்பத்திரியில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே அவாதிஃபை அறியாதவர் கிடையாது. காது கேளாத குழந்தையின் உள்காதுக்குள் டாக்டர் ஷுக்ரி மெல்லிய கம்பியைச் செருகியதும், அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது அவள் வேலை. கம்பி வழியாகச் சின்னத் துடிப்பை அனுப்புவாள். நரம்பு பதில் சொன்னால் திரையில் அலை எழும்பும். உடனே கல்யாணக் குலவை போட்டுவிடுவாள். வாசலில் காத்திருக்கும் தாய்மாருக்கு அதுதான் சேதி.

"ஏம்மா, இது தியேட்டரா, கல்யாண வீடா?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் எரிந்து விழுவார்.

"நரம்பே பேசுது டாக்டர், நான் சும்மா இருக்கணுமாக்கும்!"

போன வாரம் தங்கை மகள் கல்யாணத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தாள். திரையில் அலைகள் அழகாக எழும்பின. வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. நேரமாகியும் குலவை கேட்காததால் வெளியே தாய் ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள்.

தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். முகக்கவசத்துக்குள்ளிருந்தே ஒரு குலவை விட்டார். சேவலின் கழுத்தைப் பிடித்தது மாதிரி இருந்தது. வெளியே அழுகை நின்று, பதில் குலவை கிளம்பியது.

அவாதிஃப் கரகரத்த குரலில் கேட்டாள்: "ஏன் டாக்டர், இது தியேட்டரா, கல்யாண வீடா?"