கூடுதலாக ஒரு ஜாடி

தைவானில், மியாவ்லி மலையடிவாரத்தில் யூன்மோயின் மண்பாண்டக் கூடத்தைத் தெரியாத வீடு எங்கள் ஹக்கா இனத்தில் இல்லை. தேயிலையும் கடலையும் எள்ளும் போட்டு அரைக்கிற, உள்ளே வரிவரியாகக் கீறிய கிண்ணம், எங்கள் பெண்களின் பழைய நீலச்சட்டை நிறத்தில் கோப்பை என்று அவள் செய்வதையெல்லாம் தைபேக்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். சாயங்காலம் கார்கள் போய்விடும். பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை வானொலிதான். மழை பெய்தால் அதுவும் இருமும்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. வந்த மாப்பிள்ளைகளின் லட்சணம் அப்படி. அவளுடைய பயம் வேறொன்றைப் பற்றி. எங்கள் பக்கம் இறந்தவரின் எலும்பையோ சாம்பலையோ ஜாடியில் இட்டுக் குடும்பச் சமாதிக்குள் வரிசையாக வைப்போம். மகன் வரலாம், மருமகள் வரலாம். மணமாகாத மகளுக்கு மட்டும் இடமில்லை. ஏதாவது கோயில் மூலையில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே கிடக்க வேண்டியதுதான். இது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருநாள் தம்பி ஆகின் வந்தான். சமாதியைப் புதுப்பிக்கிறார்களாம், பழைய ஜாடிகளெல்லாம் விரிசல் விட்டுவிட்டனவாம்.

“அக்கா, புது ஜாடி எல்லாம் நீதான் செஞ்சு தரணும். வெளியாள்கிட்ட போனா அப்பா கனவுல வந்து திட்டுவாரு.”

“திட்டட்டுமே. இருந்தவரைக்கும் நான் வாங்கியாச்சு, இனி உன் முறை.” யூன்மோய் மண்ணைப் பிசைந்தபடியே கேட்டாள்: “புதுச் சமாதியில இடம் தாராளமா இருக்குமாடா?”

“ஏன், யாருக்கு?”

“சும்மா கேட்டேன்.”

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார்கள். கேட்காமலே தன் பேரில் ஒரு வெறும் ஜாடி இப்போதே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், யார் தூக்கி வெளியே வைக்கப்போகிறார்கள்?

சொன்னதற்கு மேல் ஒன்று செய்தாள். அதே மண், அதே அளவு. மூடியின் உட்புறத்தில் இறந்தவர் பேரை எழுதுவது எங்கள் வழக்கம். உள்ளே வைக்கிற அன்று பெரியவர்கள் மையால் எழுதுவார்கள். தன் மூடியில் மட்டும், சூளையில் வைப்பதற்கு முன்பே அவள் கீறினாள்: ஃபுங் யூன்மோய். அன்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆகின் ஜாடிகளை வண்டியில் ஏற்றிப்போனான். சமாதியில் படைக்கிற அன்று, சூளை எரிகிறது என்று சாக்குச் சொல்லி அவள் போகவில்லை. முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்.

மத்தியானம் படையல் கோழியில் ஒரு தொடையோடு ஆகின் வந்தான்.

“நல்ல வேளைக்கா! பெரியப்பாவுக்குன்னு வச்சிருந்த ஜாடி வண்டியில உருண்டு சுக்குநூறாப் போச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. அப்புறம் பாத்தா ஒண்ணு கூடுதலா இருக்கு! உடைஞ்சா ஆகும்னுதானே செஞ்ச? கில்லாடிக்கா நீ.”

யூன்மோய் சுழன்றுகொண்டிருந்த சக்கரத்தை நிறுத்தினாள்.

“மூடிக்குள்ள உன் பேர் இருந்துச்சு. செஞ்சவங்க பேர்தானேன்னு அதுக்கு மேலயே பெரியப்பா பேர எழுதிட்டாங்க. பரவால்லதானே?”

அவள் கையிலிருந்த மண்ணைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“ஆமாடா. செஞ்சவ பேருதான்,” என்றாள். “உக்காரு, சேர்ந்து சாப்பிடலாம்.”

“இல்லக்கா. வீட்டுல எல்லாரும் காத்துட்டிருக்காங்க.”