பதினோரு வருஷத்து இராயப்பர்

பெரிய வியாழக்கிழமை மதியம் தெய்வசிகாமணி குழாயடியில் உட்கார்ந்து குதிகாலைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல, மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். எங்கள் உப்பளம் பங்கில் பதினோரு வருஷமாக முதல் நாற்காலி, சீடர்களில் தலைவரான இராயப்பரின் நாற்காலி, இவருக்குத்தான். சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர் பூசிய காலைத்தான் எல்லாரும் கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். அதன்மேல் ஒரு கரண்டித் தண்ணீர். இராயப்பர் முதலில் வேண்டாமென்று மறுத்தாராமே, இவரும் காலைப் பின்னுக்கு இழுத்து நடித்துக் காட்டுவார். பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

மின்துறையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில் மைக் சாவி இவர் இடுப்பில்தான் தொங்கும். படிக்கவைத்தது அண்ணன் அருளப்பன், மில் தொழிலாளி. அந்த அண்ணன் இப்போது சர்க்கரைப் புண்ணோடு பின்னறையில் கிடந்தார். நான்கு மாதமாகக் கட்டுப்போட, நர்ஸான நான் போய்க்கொண்டிருந்தேன். தம்பி ஒருநாளும் அந்தக் காலைத் தொட்டதில்லை.

அன்று கட்டை அவிழ்த்தபோது இரண்டு விரல் கறுத்திருந்தது. குழாயடிக்கு வந்து தம்பியிடம், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். மாலை பூசை, நாளை சிலுவைப் பாதைக்கு மைக், ஈஸ்டர் முடியட்டும் என்றார். ஈஸ்டருக்குள் முழங்காலுக்குக் கீழே காலே போய்விடும் என்றேன். கல்லைத் திருப்பிப் பிடித்து அடுத்த காலைத் தேய்த்தார்.

அந்த நேரம் பங்குப் பேரவையிலிருந்து இருவர், நாற்காலி வரிசையைப் பற்றிப் பேச வந்தார்கள். மூக்கைச் சுளித்து, என்ன நாற்றம் என்றார்கள்.

"எலி செத்துக்கெடக்கு, தேடிக்கிட்டிருக்கோம்" என்றார் இவர். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒருவர் கேட்டார். "காலாப்பட்டுல மக வூட்டுக்குப் போயிருக்காரு."

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது, பிரெஞ்சுக்காரத் துரையைக் கூப்பிடுகிற தோரணையில். "முசே இராயப்பர், எலி தண்ணி கேக்குது. கொஞ்சம் கொண்டாங்க."

வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். தண்ணீரை நான் கொடுத்தேன்.

"நாளைக்குக் கட்டுப்போட வரமாட்டேன். காலையில ஆட்டோ வந்தா கூட வர்றேன், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன்.

"பூசைக்கு நேரமாச்சுக்கா" என்றார்.

போனார். முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் பட்டதும் தேம்பி அழுதாராம். என்ன பக்தி என்று தெருவே பேசிக்கொண்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இராயப்பரும் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு அழுதார். அதை வைத்துப் பிரசங்கம் செய்ய நம்மவர்களுக்கு அலுப்பதில்லை. அதற்குப் பிறகு, ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று அவரிடம் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. சாகும்வரை அதைச் செய்தார். விசுவாசிகளுக்குக் கண்ணீர் வருகிறது, வேலைக்கு ஆள் வருவதில்லை. ஆட்டுக்கு நாற்றமடிக்கும், சீழ் வடியும். கைக்குட்டையால் ஆகிற காரியமில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு என் வாசலில் ஆட்டோ நின்றது. பின்சீட்டில் அருளப்பன், அவர் கால் தம்பியின் மடியில். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாமா, மைக் போடணும் என்று கேட்டார். முடியாது என்றேன். போகிற வழியில் கோயிலில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து ஏறினார். ஆஸ்பத்திரியில் பழைய கட்டை அவிழ்க்கும்போது காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் கேட்டார்கள். இவர் பிடித்தார். வெளியே ஓடி வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி பிடித்தார். பதினோரு மணிக்குள் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.