தலைவலிக்குக் கண்ணாடி வாங்கினேன்

பதினைந்து வயது மகள் அடிக்கடி தலைவலி என்றாள். கைப்பேசிதான் காரணமென்று பிரிக்பீல்ட்ஸ் கடையில் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். வலி நிற்கவில்லை.

என் இரத்த அழுத்தத்தைப் பார்க்கக் கிள்ளான் கிளினிக்குக்கு அவளுடன் போனேன். தலைவலியைக் கேள்விப்பட்ட தாதி, "இவளுக்கும் பாத்துடலாமா ஆன்டி?" என்றார்.

"பிபி அம்மாவுக்குத்தான் லா மிஸ்ஸி!" என்று சிரித்தபடி மகள் கையை நீட்டினாள்.

எண்ணைப் பார்த்த தாதி, அவள் பருத்த கைக்கேற்ற பெரிய பட்டையைச் சுற்றி மறுபடியும் அளந்தார். அப்போதும் என்னுடையதைவிட அதிகம்.

"மெஷின் கெட்டுப்போச்சாம்மா?" என்று என்னைக் கேட்ட மகள் இப்போது சிரிக்கவில்லை.

"பொண்ணுக்கு எடை ரொம்ப கூடியிருக்கு. உப்பையும் குறைக்கணும்," என்றார் டாக்டர்.

அதுவரை எனக்கு மட்டும் உப்புக் குறைத்துத் தனிச் சட்டியில் சமைத்தேன். இப்போது எல்லாருக்கும் ஒரே சட்டி. மாலையில் இருவரும் நடக்கிறோம். வீட்டில் உள்ள பிபி மெஷினில் முதலில் அவளுக்குத்தான் அளக்கிறேன். அவள் எண்ணைப் பார்ப்பதில்லை. என் முகத்தையே பார்க்கிறாள்.