தனுஜாவும் பதினொரு மஞ்சள் சீட்டுகளும்

“பிரியந்தி, ஆண்டு மலருக்குத் தனுஜாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாரும். உமக்குத்தானே அவவை நல்லாத் தெரியும்” என்றார் எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் ஜெயரத்தினம் சேர். தெரியாமல் என்ன? இரண்டு வருடமாக எதிர்மேசையில் உட்கார்ந்து வயிறெரிந்துகொண்டிருப்பவள் நான்தானே. சரி, எழுதுகிறேன்.

தனுஜா பூண்டுலோயாக்காரி. அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டனில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்தாள். என் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அந்த ஆறு மாதம் மட்டும் எனக்கு வாய்க்கவில்லை. அவள் கொண்டுவரும் ரொட்டிக்கும் சம்பலுக்கும் மத்தியானம் நாலு பேர் கை நீட்டுவார்கள். என் சாப்பாட்டுப் பெட்டியை நான் மட்டும்தான் திறப்பேன். இதையெல்லாம் மலரில் போட வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அலுவலகம் மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருக்குத் தகரம் வேண்டும் என்று கேட்டு எழுதி, உதவி கொடுப்பவர்களுக்கு அனுப்புவதுதான் வேலை. எட்டு வருடம் அதைக் கொப்பியில் எழுதியவள் நான். தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு மஞ்சள் அட்டைக் கொப்பி, கீழ் டிவிசனுக்குப் பச்சை அட்டைக் கொப்பி. எங்கள் சனத்திடம் விலாசம் கேட்டால் “ஏழாம் நம்பர் லயம், மூணாம் காம்பரா” என்பார்கள், அவ்வளவுதான். எந்த டிவிசன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரில் இருப்பவருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் ஏழாம் லயம் மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு.

பிறகு ஒன்லைனில் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. தோட்டத்தில் நிற்பவர் தன் போனிலிருந்தே அதில் ஒரு சீட்டு ஒட்டலாம், அடுத்த நிமிடம் அது அலுவலகத் திரையில் தெரியும். அதிலும் மஞ்சள் மேல் டிவிசன், பச்சை கீழ் டிவிசன் என்று பழக்கியது நான்தான். வாரத்தில் மூன்று நாள் அந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு லிஸ்டாக டைப் செய்தேன். ஒன்று, இரண்டு என்றுதான் அவற்றுக்குப் பெயர். எது எந்த டிவிசன் என்பது என் தலைக்குள் இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த அலுவலகம் நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் தனுஜா, “எதுக்குங்க்கா கையால டைப் பண்ணுறீங்க? போர்டையும் டேட்டாபேஸையும் சேத்துவிட்டா அதுவே போயிரும்” என்றாள். கோட் ஒரு வரிகூட எழுத வேண்டாமாம். இது நடந்தால் அதைச் செய் என்று பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் போதுமாம். நான்கு நாள் உட்கார்ந்தாள். நடுவில் ஒருதரம் தலையைத் தூக்கி, “லிஸ்ட்டு ஏங்க்கா ரெண்டு வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“சும்மா, பழக்கந்தான்” என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, சத்தியமாக. எட்டு வருட வேலையை இவளுக்கு விளக்க வேண்டுமா என்ற எரிச்சல்.

ஐந்தாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பலகையில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டினாள்: ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, பேச்சியம்மா. டேட்டாபேஸில் தானாக ஒரு வரி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரே வீட்டுக்காரர் இரண்டுதரம் கேட்டால் இரண்டு வரி வராமல், பழைய வரியே மாறும்படியும் செய்திருந்தாள். அதற்கும் கை தட்டினார்கள். அடுத்து ஒரு பச்சைச் சீட்டு: ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, அழகன். புது வரி வரவில்லை. பேச்சியம்மா இருந்த இடத்தில் அழகன் வந்து உட்கார்ந்தார்.

தனுஜா அதற்குள் சேரின் கேள்விக்குப் பதில் சொல்லத் திரும்பிவிட்டாள். நான் பார்த்தேன். டேட்டாபேஸுக்கு எழுத்து போகிறது, நிறம் போகவில்லை.

என் இடத்துக்குப் போய், பலகையில் அந்த மஞ்சள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கமெண்ட் போட்டேன்: “தனுஜா, மஞ்சள் மேல் டிவிசன். கலர் டேட்டாபேஸுக்குப் போகல, பாரு.” போட்டு முடித்த கையோடு சேரின் அறையிலிருந்து குரல் கேட்டது. “அடுத்த மாசத்தில இருந்து தனுஜாதான் திட்ட அலுவலர். நான் கொழும்புக்கு எழுதிப்போட்டன்.”

அந்தப் பதவிக்கு எட்டு வருடமாகக் காத்திருந்தவள் நான். காத்திருந்தவன் பொண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான். கமெண்டை அழித்தேன். லிஸ்ட் போகட்டும், லொறி வரட்டும், அப்போது தெரியும் இவளுடைய கெட்டித்தனம் என்று நினைத்தேன். நினைத்தபோது இனிப்பாகக்கூட இருந்தது.

இரண்டு வாரத்தில் லிஸ்ட் போனது. ஜூன் மழை பிடித்துக்கொண்ட பிறகு லொறியில் தகரம் வந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் பேச்சியம்மா நனைந்த சீலையோடு மாடிப்படி ஏறி வந்தார். தனுஜாவைப் பார்க்கவில்லை, நேரே என் மேசைக்கு வந்தார்.

“ஏம்மா பிரியந்தி, காலையில பேரு குடுக்குற பெரட்டுக்குக்கூட போகாம வந்திருக்கேன். கீழ ஏழாம் லயத்துக்குத் தகரம் வந்திருச்சு. மேல எங்க பக்கம் பதினோரு வீட்டுக்கு ஒண்ணுமே வரல. மருமக பச்சப்புள்ளைய மடியில வச்சிக்கிட்டு மூலையில ஒண்டிக்கிட்டு இருக்கா. நீ எழுதிக்கிட்டன்னுதானேம்மா நான் பயமில்லாம இருந்தேன்?”

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அம்மா சொல்லுவார். ஊரிலேயே பெரிய வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான், அன்றைக்கு நான்தான் அந்த ஊமை.

சேர் அறையிலிருந்து வெளியே வந்து, “இது எப்பிடி நடந்தது? ஆருடைய பிழை?” என்று கேட்டார். தனுஜா அதற்குள் பலகையையும் டேட்டாபேஸையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்துவிட்டாள். முகம் வெளிறிப்போனது.

“என் தப்புங்க சேர். கலருக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கு. நான்தான் பிரியந்தி அக்காகிட்ட சரியா கேட்டுக்கல.”

கேட்டாளே! இதே வாயால் கேட்டாளே! நான்தானே பழக்கம் என்றேன்.

“பிழையை ஒத்துக்கொள்ளுறதுக்கும் ஒரு மனம் வேணும் பிள்ளை” என்றார் சேர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவள் விழுவாள் என்று நான் காத்திருந்தேன், அவள் விழுந்த இடத்திலும் பாராட்டு வாங்கிக்கொண்டாள். பேச்சியம்மா ஈரத்தோடு நிற்கும்போதும் எனக்கு அதுதான் முதலில் எரிந்தது. என் புத்தியை எதால் அடிப்பது?

பத்து நிமிடத்தில் டிவிசனுக்கு என்று ஒரு புதுக் கட்டத்தைச் சேர்த்து, அதை நிரப்பாமல் எந்தச் சீட்டும் போகாதபடி செய்தாள். அடுத்த லொறி மூன்று வாரம் கழித்துத்தான். தனுஜா கடையில் தார்ப்பாய் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாவோடு மேல் டிவிசனுக்கு ஏறினாள். நானும் போனேன். போகாமல் எப்படி இருப்பது? பதினொரு கூரைக்கும் கட்டி முடிக்கச் சாயங்காலமானது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். என் கமெண்ட் எழுத்துக்கு எழுத்து அதில் இருந்தது. பலகையில் யார் எதைப் போட்டாலும் அவளுக்கு மெயில் போகுமாம். பலகையில் அழித்தாலும் போன மெயில் அழியாதாம்.

“ஒரு நாளைக்கு நூறு மெயில் வருதுங்க்கா, நான் தொறக்கிறதே இல்ல. இன்னிக்குக் காலையில தேடுறப்பத்தான் கண்ணுல பட்டுச்சு.”

“சேர்கிட்ட ஏன்டி காட்டல?”

“காட்டி என்னா ஆகப்போகுது? நீங்க அத அழிக்காம விட்டிருந்தீங்கன்னா நான் போர்டுலயே பாத்திருப்பேன். அந்தப் புள்ள நனைஞ்சிருக்காது.” கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஜெயரத்தினம் சேர், ஒரு பக்கம் கேட்டீர்கள், மூன்று பக்கமாகிவிட்டது. பேச்சியம்மாவை லிஸ்டிலிருந்து எடுத்தது தனுஜாவின் ஒட்டோமேஷன் இல்லை. தெரிந்துகொண்டே வாயை மூடியிருந்த நான்தான். அந்தப் பதவி தனுஜாவிடமே இருக்கட்டும், என் வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, அதைப் பார்க்காதீர்கள். இதை மலரில் போடுவதற்கு முன்னால் அவளிடம் மட்டும் காட்ட வேண்டாம். காட்டினால் என்னைப் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொல்லுவாள், அந்தப் பெருமையையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.