எறிய மனசு வராத உடுப்பு

செல்போன் அடித்தபோது கடையில் தையல் மெஷினில் சிவப்பு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். “சித்தி, அம்மா போயிருச்சு” என்றாள் காளீஸ்வரி அக்காவின் மகள் தேன்மொழி. கமுதிப் பக்கம் சொந்த ஊருக்குப் போன இடத்தில் மாரடைப்பு. நான் நம்பவில்லை. அக்கா எதையும் பாதியில் விட்டுப் போகிறவர் இல்லையே. வெட்டும் மேஜையில் அவர் விரித்த துணி அப்படியே கிடந்தது.

இராமேஸ்வரத்தில் அவருடைய துணிக்கடையைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய வாயும் தெரிந்திருக்கும். கடலில் முழுகி, கோயிலின் இருபத்திரண்டு கிணறுகளிலும் நனைந்து வரும் பெண்கள், உடம்போடு ஒட்டிய நைலான் சேலையில் கூனிக் குறுகி லாட்ஜுக்கு ஓடுவார்கள். அக்கா வாசலில் நின்று பார்த்துக் கொதிப்பார். இன்னும் பலர் உடுத்திய சேலையைப் பாவத்தோடு சேர்த்துக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். அது மக்காது. மீனவர் வலையில் மீனுக்குப் பதிலாக அதுதான் ஏறும்.

ஒருநாள் நைலானை மொத்தமாகக் கடையிலிருந்து வெளியேற்றினார். பரமக்குடியில் நெய்த பருத்தி, சாயவேரில் தோய்த்த அடர் சிவப்பு, மார்புப் பக்கம் இரட்டைத் துணி, நனைந்தாலும் ஒட்டாத தளர்வான சுடிதார். தைத்தது நான். வாங்கத்தான் ஆளில்லை. “பருத்தி சீக்கிரம் காயாதேம்மா” என்றால், “இந்தக் காத்துல காயாதது எது?” என்று மடக்குவார். மடங்கியவர்கள் அடுத்த கடைக்குப் போய் நைலான் வாங்கினார்கள். அவருடைய வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: “ஆடி அமாவாசைக்குள்ள இது போகலைன்னா, கடையப் பூட்டிட்டு ஊருக்குக் கெளம்பு.” அந்தக் கடைதான் அக்காவுக்கு உயிர்.

அமாவாசைக்கு முதல் நாள் காலை, அந்த உடுப்பை அவரே போட்டுக்கொண்டு கிளம்பினார். எல்லாக் கிணறுகளிலும் நனைந்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, தெருவின் நடுவே நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார். கோயில் யானைகூட அவ்வளவு சாவகாசமாக வராது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது. பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள், “இது எங்க வாங்குனீங்க?” என்று கேட்டபடி வந்தார்கள். “ஏத்தா, நனைஞ்சும் நிமிந்து நடக்கணும். அதுக்குப் பேருதான் ஸ்டைலு” என்றார் என்னிடம். சாயங்காலத்துக்குள் அலமாரி காலி.

மறுநாள் அக்னி தீர்த்தக் கரையில் எங்கள் சிவப்பு ஒன்று மிதந்தது. அக்காவின் முகம் செத்துப்போனது. முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை எடுத்துப் பிழிந்தார். “விக்கிறது பெருசில்லத்தா. எறிய மனசு வராத மாதிரி தைக்கணும்.” அப்புறம்தான் காலர் வந்தது, பக்கவாட்டில் பை வந்தது, கையோரத்தில் மயில்கழுத்து நிறத்தில் கரை வந்தது. குளிக்க வாங்கிய மதுரைப் பெண்கள் அதையே கல்லூரிக்கும் போட்டுக்கொண்டு போனார்கள். தங்கைக்கு ஒன்று, தோழிக்கு ஒன்று என்று திரும்பி வந்து கேட்டார்கள். பெரியம்மா ஒருவர் மட்டும், “பாவம் போக விட்டுத்தானே ஆகணும்?” என்று இழுத்தார். “பாவத்தக் கடலு வாங்கிக்கிரும். துணி என்ன பாவம் பண்ணுச்சு? அத வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார் அக்கா. பெரியம்மா சிரித்துவிட்டார்.

போன வாரம் அக்காவின் அஸ்தியை அதே கரையில் கரைத்தோம். தேன்மொழியும் நானும் அவர் வெட்டிக் கொடுத்த உடுப்பில்தான் முழுகினோம். சடங்கு செய்துவைத்தவர், “உடுத்துன துணிய இங்கன விட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போங்கம்மா” என்றார். வழக்கம் அதுதான். இறந்தவருக்குக் குறை வைக்கக் கூடாதே என்று தேன்மொழி என் முகத்தைப் பார்த்தாள். 

பேசியது அக்காவின் வீட்டுக்காரர். கடையைப் பூட்டச் சொன்ன அதே மனிதர். மொட்டைத் தலையோடு, அழுது வீங்கிய கண்ணோடு சொன்னார்: “இந்தப் புள்ளைக விட மாட்டாக சாமி. அது அவ உடுப்பு. கடல்ல போட்டா, அவ எந்திரிச்சு வந்து என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிப்புடுவா.” அழுகையின் நடுவே நாங்கள் மூவரும் சிரித்தோம். சடங்கு செய்தவரும் வற்புறுத்தவில்லை.

அன்று நான் முழுகிய உடுப்பு, துவைத்துப் போட்டு, இப்போது என் வீட்டுக் கொடியில் காய்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அழுக்கானால் துவைப்பேன், கிழிந்தால் தைப்பேன். நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் அக்காவின் கடையைத் திறக்கப்போகிறேன்.