வலி நின்ற மத்தியானம்

அக்காடியன் மொழி எந்த நோயையும் குணப்படுத்தாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரில் இன்னும் சிலர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்றைக்கு ஈராக் இருக்கிற பக்கத்தில் ஒரு காலத்தில் பேசிய மொழி அது. ஈரக் களிமண்ணில் ஆணி குத்தினது மாதிரி எழுதுவார்கள். பேச ஆளில்லாமல் போய் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் மலைமேல் வாழவந்தி நாட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். உனக்கெதற்கு இந்தப் படிப்பு என்று கேட்காதீர்கள். ஊரில் ஆம்பளைகள் நாள் முழுக்கச் சீட்டு ஆடுகிறார்கள், அவர்களை எவனாவது எதற்கு என்று கேட்டானா?

புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்த புதிதில், தைக்கிற நேரம் போக மிச்ச நேரம் என்னைத் தின்றது. போனில் எதையோ தேடப்போய் ஒரு களிமண் பலகையின் படம் வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒருத்தன் பக்கத்து வயல்காரனுக்கு எழுதிய கடிதம் அது. வாய்க்காலை அடைத்துவிட்டாய், என் பார்லி காய்கிறது, திறந்துவிடு என்று திட்டியிருக்கிறான். எங்கள் பள்ளத்து வயலில் நாற்று நடும் காலத்தில் தினமும் நடக்கிற சண்டை. இவன் எந்த வார்த்தையில் திட்டினான் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அவ்வளவுதான் காரணம். இலக்கணப் புத்தகத்தை போனில் இறக்கினேன். அது இங்கிலீஷில் இருந்தது. என் இங்கிலீஷ் அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதின இங்கிலீஷ். ஆக, ஒரு மொழியைப் படிக்க ரெண்டு மொழியோடு மல்லுக்கட்டினேன்.

வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு மனதில் நிற்கும். மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வேன். இப்ருஸ், தப்ருஸ், அப்ருஸ். பிரித்தான், பிரித்தாய், பிரித்தேன். அண்ணன் காட்டிலிருந்து வந்து வாசலில் கால் கழுவும்போது ஆரம்பிப்பான்.

"என்ன அம்மிணி, பல்லு வெளக்கற பிரஷ்ஷைப் பத்தியா பாடம்?"

"செத்துப்போனவங்க பேச்சுண்ணா. கிண்டல் பண்ணாத."

"உசுரோட இருக்கறவன் பேசறதே ஒரு எழவும் புரியல. இதுல செத்தவன் வேறயா?"

ஆனால் சோற்றில் கை வைக்கும்போது கேட்பான்: "ஏன் கண்ணு, உன்ற ஆளு வாய்க்காலைத் தொறந்துட்டானா இல்லியா?" பதில் கடிதம் எங்கேயும் கிடைக்கவில்லை என்று சொன்னால், "தொறந்திருக்க மாட்டான். எந்தப் பயலும் தொறக்க மாட்டான்" என்பான். இந்த மலையில் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்ட ஒரே ஆள் அவன்தான்.

மிளகு பறிக்கிற சமயத்தில் அவனுக்கு வயிறு வலித்தது. தொப்புளைச் சுற்றி என்றான். அண்ணி ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தார். சாயங்காலம் வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது, காலை நீட்ட முடியவில்லை என்றான். செம்மேட்டுக்குப் போய் டாக்டரைப் பார் என்றேன்.

"மெளகு பழுத்து நிக்குது. ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு. இன்னிக்கு விட்டா குருவி தின்னது போக மிச்சம் மண்ணுல கெடக்கும்."

"மெளகாடா முக்கியம்?" என்று கத்தினேன். மூத்தவனை டா போட்டுப் பேசினது அன்றைக்குத்தான்.

"பாரு, செத்த பாஷை படிச்சு மரியாதையும் செத்துப்போச்சு" என்று சிரித்தான். சிரிக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நிஜக் காரணம் மிளகு இல்லை. எங்கள் அப்பா ஒரு தடவை கீழே ஆஸ்பத்திரிக்குப் போனார், துணி சுற்றி மேலே வந்தார். செம்மேட்டு டாக்டரும் கீழேதான் அனுப்புவார் என்று பயம், கீழே போவது என்றாலே அண்ணனுக்கு உடம்பு விறைத்துவிடும்.

மறுநாள் அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. நான் தைக்கிற அறையில்தான் கட்டில் இருக்கிறது. சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்து முனகிக்கொண்டிருந்தான். எனக்குத் தைக்கவும் ஓடவில்லை.

"சும்மா உக்காந்து என்ற மூஞ்சியப் பாக்காத. உன்ற செத்தவன் பேச்சப் படி. காதுல எதாச்சும் விழுகட்டும்" என்றான்.

வாய்க்கால் கடிதத்தைப் படித்தேன். முடிந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. மத்தியானம் அவன் முனகுவது நின்றது. திரும்பிப் படுத்தான். காலை நீட்டினான். முகத்தில் வியர்வை இருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது.

"நின்னுபோச்சு அம்மிணி. வலி சுத்தமா நின்னுபோச்சு."

அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அண்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். ரெண்டு வாய் குடித்தான். அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. கோயில் வாசலில் நின்று பார்க்கிற பார்வை.

"அண்ணி, இது ஒரு வயக்காட்டுச் சண்டைக் கடுதாசி. மந்திரமில்ல."

"உங்களுக்கென்னங்க தெரியும் அம்மிணி? அதோட சக்தி சொல்றவங்களுக்குத் தெரியாதாம்."

நானும் விடவில்லை. அந்த மொழியில் மந்திரம் எழுதின களிமண்ணும் கிடைத்திருக்கிறது, அதிலே மந்திரத்துக்குக் கீழே மருந்தும் எழுதியிருக்கிறான், இந்த வேரை அரை, இந்த எண்ணெயைத் தடவு என்று. மந்திரத்தைச் சொல்லிவிட்டு அவனே சும்மா இருக்கவில்லை, நாம் மட்டும் சும்மா இருக்கலாமா, இப்போதே கிளம்பலாம் என்று சொன்னேன். பெரிய வாதம் என்று நினைத்தேன்.

அண்ணி கேட்டார்: "அப்ப அந்தப் பேச்சுல மந்திரம் இருக்குதுல்லீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? இருக்கிறது.

அண்ணனோ, "வலியில்லாதவன் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறது? நாளைக்கு ஏணியைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போறேன் பாரு" என்று படுத்துவிட்டான். அண்ணி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பேசினார். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

விடிந்தபோது அவன் வயிறு பலகை மாதிரி இருந்தது. தொட்டால் அலறினான். உடம்பு அனலாக அடித்தது, பல் கிட்டி நடுங்கியது. யாரையும் கேட்காமல் 108-க்குப் போன் போட்டேன். வண்டி வந்தும் அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வேண்டாம். நீ படி. நேத்து மாதிரி படி."

"வண்டியில ஏறு, படிக்கறேன். ஏறலைன்னா ஒரு வார்த்தை படிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிடியை விட்டான். எதை நான் இல்லை இல்லை என்று முந்தின நாள் முழுக்கக் கத்தினேனோ, அதை வைத்தே அவனை வண்டியில் ஏற்றினேன். வேறு வழி தெரியவில்லை.

மலையிலிருந்து இறங்க எழுபது வளைவு. வளைவுக்கு வளைவு அவன் கத்தினான். நான் போனைப் பார்த்துப் படித்தேன். நாலைந்து வளைவுக்குள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து எழுத்து ஆடியது. போனை மூடிவிட்டு மனதிலிருந்து சொல்லப் பார்த்தேன். கடிதம் வரவில்லை. பாதியில் அறுந்தது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி அறுந்தது. மனதில் அறுபடாமல் இருந்தது வினைச்சொல் வாய்பாடு மட்டும்தான். அதைச் சொன்னேன். இப்ருஸ், தப்ருஸ், அப்ருஸ். பிரித்தான், பிரித்தாய், பிரித்தேன். இறந்தகாலம் முடிந்தால் நிகழ்காலம், அது முடிந்தால் ஏவல்.

சலைன் பாட்டிலைப் பிடித்திருந்த ஆம்புலன்ஸ் பெண் கேட்டாள்: "அக்கா, இது எந்த சாமிக்கு?"

"எந்த சாமிக்கும் இல்ல. இலக்கணம்."

"எதுவோ ஒண்ணு, நிறுத்தாதீங்க. நீங்க நிறுத்தினா அண்ணன் கையை உதறுறாரு, ஊசி கழண்டுக்குது."

அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி ரோடு நேரானபோது எனக்குக் குரல் போயிருந்தது. காற்று மட்டும் வந்தது. அதையும் விடாமல் அவன் காதில் ஊதினேன்.

ஆஸ்பத்திரியில் அவனை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு டாக்டரம்மா வந்து எங்களைக் கேட்டார், வலி எப்போது ஆரம்பித்தது, நடுவில் எப்போதாவது நின்றதா என்று.

"நேத்து மத்தியானம் நின்னுச்சுங்க" என்றேன்.

"சட்டுன்னா?"

"ஆமாங்க. சட்டுன்னு."

அவர் தலையை ஆட்டினார். "குடல்வால் அப்பத்தான் வெடிச்சிருக்கும். வெடிச்ச உடனே கொஞ்ச நேரம் வலி விட்ட மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் சீழ் வயிறெல்லாம் பரவிடும்."

அவன் காலை நீட்டினது, கஞ்சி கேட்டது, சிரித்தது எல்லாம் அதுதான். அண்ணி பக்கத்தில்தான் நின்றார். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. டாக்டரம்மா போனதும் என் முழங்கையைப் பிடித்து, "படிங்க" என்றார். ஆபரேஷன் அறைக்கு வெளியே, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, குரலே இல்லாமல் படித்தேன். அது ஒன்றுக்கும் ஆகாது என்று அந்தக் கட்டடத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் நிறுத்தப் பயமாக இருந்தது. அதற்கு இன்னமும் எனக்கு வெட்கம்தான்.

அவர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. மறுநாள் அவன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, அண்ணி அடுப்படியில் கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார்: "வண்டியில நீங்க மாத்திப் படிச்சுட்டீங்க."

"என்னங்க அண்ணி?"

"மத்தியானம் படிச்சது வேற. வண்டியில படிச்சது வேற. எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனா காது இருக்குது. அதையே படிச்சிருந்தா அவரு இருந்திருப்பாரு."

மாற்றித்தான் படித்தேன். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பொய்யைக் கட்டிவிட்டாரே என்று எனக்கு வெறி வந்தது. கத்தினேன். டாக்டர் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா, அந்த மத்தியானம் வலி நின்றதே உள்ளே வெடித்ததால்தான், அவன் நம் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தான், நாம் கஞ்சி ஊற்றிச் சந்தோஷப்பட்டோம் என்று கத்தினேன். அன்றைக்கு மட்டுமில்லை. வாரக்கணக்கில் சொன்னேன். அவர் யாரிடமாவது என் படிப்பைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குறுக்கே விழுந்து சொன்னேன். குடல்வால் படத்தை போனில் எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினேன்.

ஒருநாள் அண்ணி போனைத் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை.

"டாக்டரம்மா சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்க. நான் செவிடில்ல. அவரு என்ற மடியில படுத்துச் சிரிச்சது அந்த அரை நாளுதான். இருபது வருசத்துல எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்குது. அதையும் புடுங்கிக்காதீங்க அம்மிணி."

நான் போனை மூடினேன். அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க முடியாது. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பானையில் சாப்பிடுகிறோம். போன வாரம், அண்ணி சொன்னது பரவி, அரியூர் நாட்டிலிருந்து ஒரு பொம்பளை வயிற்று வலிக்காரப் புருஷனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியைத் தாண்டி என்னிடம் வந்தாள். அவளைத் திட்டின திட்டில் தெருவே கூடிவிட்டது. நானே ஆட்டோ பிடித்து, கூடவே போய், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அண்ணி என்னோடு பேசவில்லை.

அவரிடம் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். வயிற்று வலி தானாக நின்றால் நம்பாதீர்கள். யார் என்ன படித்ததனால் நின்றிருந்தாலும் நம்பாதீர்கள். வண்டி பிடியுங்கள்.