தராசு நிற்காமல் மாற்றிய நோட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையின் மூட்டைக் கிட்டங்கியில் எழுத்து வேலை பார்த்தேன். இருப்பு நோட்டில் மூட்டைகள் வந்த வரிசையில்தான் ஏறும். யாருடைய காய், மூட்டைகளை அடுக்கிய எந்த அட்டியில் கிடக்கிறது என்று தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆளுக்கொரு பக்கமாகப் புது நோட்டு போடலாம் என்று சொன்னது நான்தான். சொன்ன வாய்க்கே வேலையும் வந்தது.

நான் பழையதைப் பார்த்து எழுத எழுத, எடைக்கார அண்ணன் அதே பழைய நோட்டில் புது வரவை எழுதுவார். நான் எழுதி முடித்த பக்கத்தில் உள்ள மூட்டையை ஒருவர் எடுத்துப்போனால் பழையதில் அடித்துவிடுவார். என் நோட்டில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். கடைசியில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கம்பியில் குத்தச் சொன்னேன். ஒவ்வொன்றாக உருவிப் புது நோட்டில் ஏற்றுவேன். நோட்டு மாற்ற நல்ல நேரம் ஒன்றே ஒன்றுதான்: கம்பி காலியாகி, தராசும் நிற்கிற நேரம். அரை மணி நேரம் தராசை நிறுத்தக் கேட்டேன்.

"தராசு நின்னா காய் கொண்டுவர்ற ஜீப்பெல்லாம் அடுத்த கடைக்குப் போயிரும்ல. சோலியப் பாருப்பா" என்றார் முதலாளி.

மறுநாளே ஜோசியரிடம் போய் வேறு நல்ல நேரம் வாங்கிவந்தார். வெள்ளிக்கிழமை ஒன்பதே கால்.

"கம்பியில இன்னும் பதினேழு சீட்டு கெடக்குங்க."

"நேரம் போனா வருமா? அதெல்லாம் அப்புறம் ஏத்திக்க."

பூஜைக்காகத் தராசு முழுசாக ஒரு மணி நேரம் நின்றது. அதில் பாதி நேரம் என் கையில் பேனா இருந்திருந்தால் போதும். கற்பூரத் தட்டைக் கொடுத்தார்கள். பழைய நோட்டை மஞ்சள் துணியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

பூஜை முடிந்த கையோடு ஓர் எஸ்டேட் டிரைவர் வந்து அவர்கள் மூட்டையைக் கேட்டார். நோட்டில் மூன்றாம் அட்டி என்று இருந்தது. அங்கே கிடந்த, குறி போடாத சாக்கை ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன்.

மதியம் சிலமலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மலைச்சரிவில் கொஞ்சம் ஏலச்செடி வைத்திருப்பவர். அந்த வருஷக் காய் மொத்தமும் ஒரே மூட்டை; மறுநாள் ஏலத்துக்கு அது போகவேண்டும். எரிச்சலில் நான் கம்பியைப் பார்க்கவில்லை, நோட்டை மட்டும் புரட்டினேன்.

"ஒங்க பேரே இல்லையேம்மா."

"நேத்து இங்கதான போட்டேன் தம்பி?" மஞ்சள் தடவிய நோட்டையே சற்று நேரம் பார்த்தார். "நோட்டுல இல்லன்னா... வேற கடையில போட்டுட்டேனோ என்னமோ."

அவர் தெருவில் இறங்கிப் போன பிறகுதான் சீட்டுகளை உருவினேன். எஸ்டேட்காரர் மூட்டையை முந்தாநாளே அவர்கள் ஆள் வேறொருவர் எடுத்துப்போயிருந்தார்; காலையில் வந்த டிரைவருக்கு அது தெரியவில்லை. காலியான அந்த இடத்தில் நேற்று வைத்தது இந்த அம்மாவின் சாக்கு. ஜீப் இந்நேரம் மலையேறிப் போடிமெட்டைத் தாண்டியிருக்கும்.

ஓடினேன். அந்த அம்மா மூன்றாவது கடையில் நின்று, கோபித்துக்கொள்ளாமல் தேடிப் பார்க்கும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க வந்து நிற்பதைக் கண்டதும் பதறிப்போனார்.

"நீங்க எதுக்குத் தம்பி ஓடியாறீக? ஒங்க மேல தப்பில்ல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."